சட்டாம்பிள்ளையும் பெல் துரையும்

ஓசியில சொல்லித் தர்றவன் படுற பாடு இருக்கே, அது சொல்லித் தந்தவனுக்குத்தான் தெரியும். எங்க அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சாயங்காலம் ஏதாவது ஒரு டீக்கடையில நின்னு பாருங்க. அஞ்சாறு வருஷம் பொட்டி தட்டின ஆளுங்க ரெண்டு பேர் சேர்ந்தா இதே புலம்பல்தான். "வொர்க் ஆகலைங்கறான், என்ன எர்ரர்னு கேட்டா பாக்கலைங்கறான்." "லூப்னா என்னன்னே தெரியாது, ப்ராஜெக்டையே முடிச்சுக் குடுன்னு வந்து நிக்கறான்." சம்பளத்துல சேராத வேலை. உதவி பண்ணப் போய் ரத்தக்கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

இந்தப் புலம்பல் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்ததுன்னு நினைச்சா தப்பு மக்களே. இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே, இதே சென்னையில ஒருத்தர் நல்லாப் புலம்பியிருக்கார். புலம்பினதோட நிக்காம அதுக்கு ஒரு வழியும் கண்டுபிடிச்சார். அந்த வழி "மெட்ராஸ் முறை"ன்னு நம்ம ஊர் பேரோடவே உலகம் சுத்தி வந்துச்சு. நம்மள்ல பாதிப் பேருக்கு அது தெரியாதுங்கறதுதான் கொடுமை.

அவர் பேர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 1753ல பிறந்தவர். பாதிரியார். 1787ல மெட்ராஸ் வந்து இறங்கினார். கம்பெனி பட்டாளத்துல பல படைப்பிரிவுகளுக்கு பாதிரி வேலை பார்த்து நல்லாவே சம்பாதிச்சார். 1789ல எழும்பூர்ல ராணுவ ஆண் அனாதைகள் காப்பகம் ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்கார சிப்பாய்களோட பிள்ளைகளுக்கான இடம். நிறையப் பேருக்கு அம்மா இந்த ஊர்க்காரங்க. பெல் அதை மேற்பார்வை பார்க்க ஒத்துக்கிட்டார். ஆனா அதுக்குக் கொடுக்க வந்த சம்பளத்தை வேணாம்னுட்டார். ஆக, நம்ம கட்சி. ஓசி வாத்தியார்!

காப்பகம் இருந்தது பழைய எழும்பூர் கோட்டையில. ஆவடியில ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கி எழும்பூர் போறவங்க கவனிங்க, 1908ல திறந்த எழும்பூர் ஸ்டேஷன் நிக்கறது அந்தக் கோட்டை இருந்த இடத்துலதான்.

பெல்லுக்கு வந்த முதல் தலைவலி பசங்க இல்லை, வாத்தியாருங்க. சம்பளத்துக்கு வச்ச உதவி ஆசிரியர்களுக்கு அந்தப் பொடிசுங்களோட மல்லுக்கட்டப் பொறுமை இல்லை. பொறுமையா பழக்கி எடுத்தா, அந்த ஆள் அதை விட அதிக சம்பளம் கிடைக்கிற வேற வேலைக்குத் தாவிடுவார். இதை பெல்லே எழுதி வச்சிருக்கார். (இப்ப இதை "அட்ரிஷன்"னு பேர் வச்சு பவர்பாயிண்ட் போடறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.)

ஒரு நாள் குதிரையில போகும்போது ஒரு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பசங்க தரையில மணலைப் பரப்பி விரலால எழுத்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. பேப்பர் வேணாம், மை வேணாம், தப்பாப் போனா கையால தடவி விட்டாப் போதும். திரும்பி வந்து, கடைசி வகுப்புக்கு இதே மாதிரி மணல்ல அரிச்சுவடி சொல்லிக் குடுங்கன்னு உத்தரவு போட்டார். வாத்தியார் முடியாதுன்னுட்டார். முடியலையா, மனசில்லையான்னு பெல்லுக்கே சந்தேகம்.

அப்பதான் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கன்னு ஒரு பையன்கிட்ட கொடுத்தார். சாதாரண சிப்பாயோட மகன், வயசு எட்டு! பெரியவங்க முடியாதுன்னு கைவிட்டதை அவன் செஞ்சு காட்டினான். அதுக்கப்புறம் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் பெல் அப்படியே மாத்தினார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பையன்தான் ஆசிரியன். வகுப்புக்குள்ள நல்லா படிக்கிறவன் ஒருத்தன், சுமாரானவன் ஒருத்தன்னு ஜோடி. பாடம் சின்னச் சின்னதா இருக்கணும். ஒரு பாடம் முழுசா வராம அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. அடிக்கிறதைக் குறைச்சு, தப்புக்கு என்ன தண்டனைன்னு பசங்களே உக்காந்து விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ற ஏற்பாடும் உண்டு.

1796ல ஊர் திரும்பி, அடுத்த வருஷமே இதைப் புத்தகமாப் போட்டார். 1798ல லண்டன்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச ஜோசப் லான்காஸ்டரும் கிட்டத்தட்ட இதே முறையைப் பிடிச்சார். யார் முதல்ல கண்டுபிடிச்சதுன்னு ரெண்டு கோஷ்டிக்கும் பெரிய சண்டை. 1811ல இங்கிலாந்து திருச்சபை ஆளுங்க ஒரு தேசிய சங்கமே ஆரம்பிச்சு பெல் முறையில பள்ளிக்கூடங்களைத் திறந்தாங்க. பெல் 1832ல இறந்தப்ப வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் பண்ணாங்க. அடுத்த வருஷம் அவர் பணத்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல திறந்த பள்ளிக்கூடத்துக்குப் பேர் என்ன தெரியுமா? மெட்ராஸ் காலேஜ். இன்னிக்கும் அங்க அதே பேர்ல இருக்கு.

சரி, இதுல எங்கயோ இடிக்குதே? பசங்களே பசங்களுக்குச் சொல்லித் தர்றது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து சமாச்சாரமாச்சே! அங்க சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் உண்டு. வாத்தியார் கண் மறைவா இருந்தாலும் எண்சுவடியை முறை வச்சு மத்த பசங்களைச் சொல்ல வைக்கிறது அவன் வேலை. 1623லயே பியத்ரோ டெல்லா வாலேன்னு ஒரு இத்தாலிய யாத்ரீகர், இப்போதைய கர்நாடகத்துல ஒரு கோயில் வாசல்ல நாலு பசங்க மணல்ல எழுதி, ராகமாப் பாடி, வாத்தியாரே இல்லாம ஒருத்தருக்கொருத்தர் கணக்குக் கத்துக்கிறதைப் பார்த்து அசந்து போய் எழுதியிருக்கார். பெல் மணலுக்கு மட்டும் நம்ம ஊருக்குக் கடன்பட்டதா ஒத்துக்கிட்டார். மாணவ ஆசிரியன் தன்னோட கண்டுபிடிப்புன்னார்.

1822ல கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணத்துல எத்தனை பள்ளிக்கூடம்னு கணக்கு எடுக்கச் சொன்னார். 1826ல அவர் எழுதின குறிப்புல 12,498 பள்ளிக்கூடங்கள்னு வருது. அந்தக் கணக்கெடுப்புக்காக 1823ல எழுதின பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், மூத்த பிள்ளைங்க இளைய பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற இந்த உள்ளூர் வழக்கம் மெச்சத் தக்கது, இங்கிலாந்துல இதைக் காப்பியடிச்சது சரியான காரியம்னு சொல்றார். கம்பெனி கலெக்டரே சொல்லிட்டார், நமக்கென்ன!

பெருமை பேசி முடிக்கலாம்தான். ஆனா இந்த முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஏழைப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும்கூடக் கட்டாயமில்லைன்னு பெல்லே ஒரு சமயம் எழுதினார். மலிவா முடியுதுன்னுதான் இங்கிலாந்து இதைத் தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. ஒரு வாத்தியார், பல நூறு பசங்க. சட்டாம்பிள்ளைக்குத் தெரிஞ்சதுக்கு மேல யாருக்கும் தெரியாது, அவன் தப்பாச் சொன்னா வரிசை முழுக்கத் தப்பு. கொஞ்ச காலத்துல வெறும் மனப்பாடமாச் சுருங்கிப் போச்சு. 1846ல முறையாப் பயிற்சி கொடுத்து மாணவ ஆசிரியர்களை வளர்க்கிற ஏற்பாடு வந்ததும் பழைய முறை மெல்ல ஓரம் கட்டப்பட்டுச்சு. நம்ம ஊர்லயும் சட்டாம்பிள்ளைக்கு நல்ல பேர் இல்லை. சும்மா அதிகாரம் பண்றவனை "சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே"ன்னுதானே திட்டறோம்?

இருந்தாலும் அந்த எட்டு வயசுப் பையனை என்னால ஒதுக்க முடியலை. வாத்தியாருக்குத் தெரியாத எது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்? தெரியாம இருந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு. அவ்வளவுதான். எந்த எழுத்துல விரல் தடுமாறும்னு போன மாசம்தான் அவனே பட்டிருப்பான். நமக்கு அது மறந்து போச்சு. பாயிண்டர் புரியாம முழிச்ச ராத்திரியெல்லாம் நினைவுல இருந்து அழிஞ்சே போச்சு. மணல்ல எழுதினது மாதிரி. அதனாலதான் கேள்வி கேக்கறவன் முட்டாளாத் தெரியறான்.

அதனால எனக்குப் படறது இதுதான். புதுசா வந்தவனோட முதல் கேள்வி நேரா பத்து வருஷ அனுபவஸ்தன்கிட்ட வரக் கூடாது. போன வருஷம் சேர்ந்தவன்கிட்ட போகணும். அவனுக்கும் சொல்லித் தரும்போதுதான் பாடம் உறுதியாகும். அவனுக்கும் பிடிபடாதது நம்மகிட்ட வரட்டும், அதுக்குப் பொறுமையா உக்காரலாம். சட்டாம்பிள்ளைக்குப் பின்னாடி வாத்தியார் இருந்தே ஆகணும். அவர் இல்லாமப் போனதாலதான் மெட்ராஸ் முறையே கெட்டுது.

கேக்கறவனுக்கும் பெல்லோட விதி ஒண்ணு பாக்கி இருக்கு: ஒரு பாடம் முழுசா வராம அடுத்ததுக்குப் போகாதே. லூப் வராதவனை ப்ராஜெக்ட்ல உக்கார வச்சா, குத்தம் அவன் மேல மட்டும் இல்லை, உக்கார வச்சவங்க மேலயும்தான்.

உங்களுக்கு வாத்தியாரை விட நல்லா சொல்லிக் கொடுத்த சட்டாம்பிள்ளை யாராவது உண்டா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.