ஆசியான் டிஜிட்டல் உடன்பாடு: கதவு யாருக்குத் திறக்கும்?

சிங்கப்பூரில் பணிபுரியும் ஒருவர், தஞ்சாவூரில் உள்ள தமது தாயாரின் வங்கிக் கணக்குக்குக் கைத்தொலைபேசி வழியாகச் சில விநாடிகளில் பணம் அனுப்ப முடிகிறது. சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யூபிஐ முறையும் 2023 பிப்ரவரி 21ஆம் தேதி இணைக்கப்பட்டதன் விளைவு இது. இரு நாடுகளிலும் தொழில்நுட்பம் முன்னரே இருந்தது. தேவைப்பட்டது அரசுகளுக்கிடையிலான இணக்கமே.

அத்தகைய இணக்கத்தை ஒரு பிராந்தியம் முழுவதற்கும் விரிவுபடுத்த முயல்கிறது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான்.

நீண்ட பயணம்

இந்த முயற்சி புதியதல்ல. 'இ-ஆசியான்' என்ற கட்டமைப்பு உடன்பாட்டில் உறுப்பு நாடுகள் 2000 நவம்பரிலேயே கையெழுத்திட்டன. 2019இல் மின்வணிக உடன்பாடு வந்தது. அது நடைமுறைக்கு வர 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது முயற்சியான டிஜிட்டல் பொருளாதாரக் கட்டமைப்பு உடன்பாட்டுக்கான பேச்சுவார்த்தை 2023 செப்டம்பரில் தொடங்கியது. அதன் முக்கிய அம்சங்களில் இணக்கம் காணப்பட்டுவிட்டதாக 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் அறிவிக்கப்பட்டது. பணப்பரிமாற்றம், டிஜிட்டல் அடையாளம், தரவுப் பகிர்வு, இணையப் பாதுகாப்பு ஆகியவை அதில் அடங்கும். இந்த உடன்பாடு நிறைவேறினால், 2030இல் ஒரு லட்சம் கோடி டாலரை எட்டக்கூடிய பிராந்திய டிஜிட்டல் பொருளாதாரம் அதன் இரு மடங்காகலாம் என்பது ஆசியானுக்காகச் செய்யப்பட்ட ஆய்வின் மதிப்பீடு.

இணைப்பின் கணக்கு

பணப்பரிமாற்றத்தில் முதல் இணைப்பு 2021 ஏப்ரலில் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் இடையே ஏற்பட்டது. 2023 நவம்பரில் மலேசியாவின் டூயிட்நவ் முறையும் பேநவுடன் இணைந்தது. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மலேசியர்களுக்கு, அவர்களில் தமிழர்களுக்கும், இது நேரடிப் பயன் தருவது.

ஆனால் இருநாட்டு இணைப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு. 5 நாடுகள் ஒன்றோடொன்று இணைய 10 உடன்பாடுகள் தேவை. 10 நாடுகளாயின் 45. இதற்கு மாற்றாக, ஒவ்வொரு நாடும் ஒரு பொது மையத்துடன் ஒரே ஒரு முறை இணைந்தால் போதும் என்பதே 'நெக்சஸ்' திட்டத்தின் அடிப்படை. இந்தியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகள் அதைச் செயல்படுத்த 2024இல் உடன்பட்டன.

வெளியே நிற்பவர்கள்

இந்த இணைப்புகள் எல்லாம் ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர்களையே இணைக்கின்றன. ஆவணமின்றி வேலை செய்யும் தோட்டத் தொழிலாளிக்கோ, கணக்குத் தொடங்க வழியற்ற வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ முகவர்தான் கதி. பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. உலக வங்கியின் கணக்கில் உலகச் சராசரி அண்மை ஆண்டுகளில் 6 சதவீதத்துக்கு மேலேயே இருந்து வந்துள்ளது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கம்போடியாவின் மத்திய வங்கி 2020 அக்டோபரில் தொடங்கிய பக்கோங் முறையில், வங்கிக் கணக்கு இல்லாதவரும் தொலைபேசி எண்ணைக் கொண்டு சேர முடியும். வசதி குறைந்த நாடொன்று ஏழையை முன்னிறுத்தித் திட்டமிட்டதற்கு இது சான்று.

தடை வேறிடத்திலும் உள்ளது. ஆசியான் முடிவுகள் ஒருமித்த கருத்தின் அடிப்படையில் எடுக்கப்படுபவை. 2016இல் ஏற்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புக் கட்டமைப்பு எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மியன்மாரில் 2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் இணையத்தையே துண்டித்தபோது, அதைத் தடுக்கும் அதிகாரம் ஆசியானிடம் இருக்கவில்லை.

புதிய உடன்பாடு சட்டப்படி கட்டுப்படுத்துவதாக அமைய வேண்டும் என்பதே நோக்கம். அது வெறும் வர்த்தக உடன்பாடா அல்லது வளர்ச்சிக்கான உடன்பாடா என்பதை டாலர் மதிப்பீடுகள் தீர்மானிக்கப் போவதில்லை. முகவரின் வாசலில் வரிசையில் நிற்கும் தொழிலாளி அந்த வரிசையிலிருந்து விலக முடிகிறதா என்பதே அதற்கான அளவுகோலாக இருக்கும்.