கஃப்லிங்கில் இல்லாத பெயர்

கலியாணத்துக்குக் கோட் தைக்கிற எங்கட பெடியள் கனபேர் கஃப்லிங்கைப் பற்றிக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். சேர்ட் கையைப் பூட்டுகிற அந்தச் சின்னச் சோடிக்குப் பின்னால் ஒரு உழைப்பின் வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எனாமலில் எது நல்லது, எது பேருக்கு எனாமல் எண்டும் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கனவான்களின் சேர்ட் கைகளைக் கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைக்க வைத்தார்கள். அந்தத் துணிக்குள் சாதாரண பொத்தானைத் தள்ளுவது லேசில்லை. ஆகவே துளைகளை ஊடுருவிப் போகும் சங்கிலிப் பூட்டுகள் பரவின. அப்படி விறைத்த வெள்ளைக் கையோடு மண்வெட்டி பிடிக்க ஏலாது. 'நான் உடம்பு முறிஞ்சு வேலை செய்யிறவன் இல்லை' என்று சொல்லாமல் சொல்லும் உடுப்பு அது. அதை அலங்கரித்ததோ அசல் கைவேலை!

அந்தக் கைவேலையின் உச்சத்தைச் சென் பீற்றர்ஸ்பேர்க்கில், பீற்றர் கார்ல் ஃபபெர்ஜேயின் பட்டறைகளில் பார்க்கலாம். சார் மன்னர்களுக்குச் செய்த முட்டைகளால்தான் அவரை உலகம் அறியும். ஆனால் அதே நிறுவனம் சிகரெட் பெட்டி, படச்சட்டம், கஃப்லிங்க் எல்லாம் செய்தது. வெள்ளி அல்லது தங்கத் தகட்டில் முதலில் கடைசல் இயந்திரத்தால் அலையலையாகக் கோடு வெட்டுவார்கள். 'கிலோஷே' என்பது இதுதான். அதன்மேல் நிறமூட்டிய கண்ணாடித் தூளை நனைத்துப் பரப்பி, 700–800 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் உருக்குவார்கள். ஆறவிட்டு மறுபடி பூச்சு, மறுபடி சூடு. இப்படிப் பல தடவை. ஒருக்கால் சூடு பிழைத்தால் நிறம் கெடும், குமிழ் வரும், ஆறும்போது வெடிக்கும். பிறகு மரச்சில்லில் மணிக்கணக்காக மினுக்கவேணும். இப்படி 140க்கும் மேற்பட்ட நிறங்களை அவர்கள் உருவாக்கினார்கள்.

பொருளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஃபபெர்ஜேயின் பெயர் இருக்கும். பட்டறைத் தலைவர்களான மிகயில் பேர்ஹின், ஹென்றிக் விக்ஸ்ற்றோம் போன்றோரின் முதலெழுத்துகளும் இருக்கும். ஆனால் சூளைக்கு முன்னால் நின்று அந்த நிறத்தை வரவழைத்தவரின் முத்திரை இருக்காது. நிக்கொலாய் பெத்ரோவ் அப்படியான ஒரு எனாமல் கலைஞர். ஏலத்தில் கொட்டுகிற காசோ ஃபபெர்ஜே என்ற பெயருக்கு. அதனாலேயே அந்தப் பெயர் பொறித்த போலிகளும் தாராளம். 1918இல் நிறுவனம் அரசுடைமையானது. நாட்டை விட்டுப்போன ஃபபெர்ஜே 1920இல் லொசானில் இறந்தார்.

இனிக் கடைக்குப் போவோம். இப்ப எனாமல் எண்டு விற்பதில் கனக்க வெறும் எப்பொக்சி. சூளையே கண்டிராத பிளாஸ்ரிக் எண்டு சொல்லலாம். கையில் எடுத்துச் சரித்துப் பாருங்கோ. கிலோஷே என்றால் நிறத்துக்கு அடியில் கோடுகள் ஒளியோடு அசையும். அச்சடித்த கோடு அசையாது. கண்ணாடி தொட்டவுடன் குளிரும், பிளாஸ்ரிக் அவ்வளவு குளிராது. போன் கமராவைப் பெருப்பித்து ஓரத்தைப் பாருங்கோ: உலோகத்துக்கும் நிறத்துக்கும் இடையில் இடைவெளியோ ஊசித்துளையோ இருக்கக்கூடாது. முக்கியமாக, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கோ. சோடி பொருந்துவதில்தான் சூளைக்காரரின் கைப்பக்குவம் தெரியும். சங்கிலியால் இணைத்து இரண்டு முகத்திலும் எனாமல் இருந்தால் வேலை இரட்டிப்பு, விலையும் கூடும், அது நியாயம்.

தங்கமுலாம் பூசிய எப்பொக்சியை விட, வெறும் செம்பில் சுட்ட எனாமலே எங்கட தெரிவு. ஒண்டு மட்டும்: சீமெந்துத் தரையில் விழுத்தாதேங்கோ, அது கண்ணாடி.