லேசர் அழிப்பான்: வெனிஸ் சிலையிலிருந்து அணு ஆலைச் சுவர் வரை

சுவரில் இருக்கும் பழைய பெயிண்டை எப்படி எடுப்பார்கள்? சுரண்டுவார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பெரிய இடமென்றால் மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். வெறும் ஒளியை வைத்தும் எடுக்கலாம் என்றால் நம்புவீர்களா? இதற்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் ரூபி லேசரை இயக்கினார். சில வருடங்களிலேயே ஆர்தர் ஷாலோ (1981-ல் இயற்பியல் நோபல் பெற்றவர்) ஒரு வேடிக்கை காட்டினார். நிறமற்ற பலூனுக்குள் நிறமுள்ள இன்னொரு பலூன். லேசரை அடித்தால் உள்ளே இருப்பது மட்டும் வெடிக்கும், வெளிப் பலூனுக்கு ஒன்றும் ஆகாது! ஒளியை எது உறிஞ்சுகிறதோ அதற்குத்தான் அடி. இதே தத்துவத்தில் தாளிலுள்ள மையை மட்டும் ஆவியாக்கும் 'லேசர் அழிப்பான்' ஒன்றையும் செய்தார்.

அடுத்த கட்டம் வெனிஸ் நகரம். 1972-ல் ஜான் ஆஸ்மஸ் என்ற இயற்பியலாளர் அங்குள்ள சிலைகளை ஹோலோகிராமாகப் பதிவு செய்யப் போனார். போன இடத்தில் சிலைகளின் மேல் லேசரை அடித்துப் பார்த்தார்கள். காற்று மாசால் படிந்த கறுப்புப் படிவு நீங்கியது, அடியிலிருந்த வெள்ளைச் சலவைக்கல் தப்பியது. கறுப்பு ஒளியை உறிஞ்சுகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது. அதே பலூன் கதைதான்!

ஆனால் கான்கிரீட் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. சாம்பல் நிறமாதலால் அதுவும் ஒளியை உறிஞ்சும். பெயிண்ட் போனதும் லேசர் தானாக நின்றுவிடாது. சூடு அதிகமானால் மேற்பரப்பு உருகிக் கண்ணாடி போலாகும், அல்லது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

பிறகு ஏன் விடாமல் முயன்றார்கள்? மூடப்பட்ட அணு ஆலைகள்தான் காரணம். அங்கே சுவர்ப் பெயிண்டிலேயே கதிரியக்கம் ஒட்டியிருக்கும். மணலைப் பீய்ச்சினால் அந்த மணலும் கதிரியக்கக் கழிவாகிவிடும், தூசி தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகும். தண்ணீரைப் பீய்ச்சினால் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? 1990-களில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகமும், பின்னர் பிரான்சின் அணுசக்தி ஆணையமும் இதை ஆராய்ந்தன. கண்டுகொண்ட வழி: மிகக் குறுகிய துடிப்புகளாக லேசரை அடிப்பது. சூடு ஆழத்துக்கு இறங்குமுன் பெயிண்ட் ஆவியாகும். கிளம்பும் புகையை அங்கேயே உறிஞ்சி வடிகட்டியில் பிடித்துவிடலாம்.

வேகம் குறைவு, செலவு அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் கழிவாக மிஞ்சுவது உரித்த பெயிண்டும் அந்த வடிகட்டியும் மட்டுமே. மூச்சுக்காற்றில் விஷம் கலக்கக்கூடிய இடத்தில், அது சின்ன லாபமா என்ன?