இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு: தனிப் பயிற்சி பெற்ற தாதியர் என்ன செய்வார்கள்?

மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய மூவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு நாடு முழுமைக்கும் 18.3 விழுக்காடு என்றும், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு என்றும் கணக்குக் காட்டியது. நாட்டில் இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்பதும் அதே ஆய்வில் வெளிவந்தது.

தஞ்சோங் கிளிங் போன்ற வட்டாரங்களில் இந்த நோயாளிகள் பெரும்பாலும் நாடிச் செல்வது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கைத்தான். கூட்டம் நிறைந்த நாளில் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. ஊசி போடுவது, உணவு, பாதம், மாத்திரை நேரம் ஆகியவற்றை உட்கார்ந்து பேச வேறொருவர் தேவைப்படுகிறார். நீண்டகால நோய்களுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற தாதியே அவர்.

டிரெசர் காலத்திலிருந்து

மருத்துவர் அல்லாத ஒருவர் நோயைக் கவனிப்பது மலாக்கா தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. ரப்பர் காலத்தில் லயத்து மக்களின் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் முதலில் பார்த்தவர் தோட்டத்து டிரெசர்தான். அவர்களைப் பதிவு செய்ய 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கு 1977-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கும் உதவி மருத்துவ அதிகாரிகள் அந்த வழியில் வந்தவர்கள்.

டிரெசர் காலத்து நோய்கள் பெரும்பாலும் வந்து போகும் நோய்கள். மலேரியாவுக்கு மருந்து கொடுத்தால் காய்ச்சல் தணியும். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் அப்படியல்ல. வலி காட்டாமல் பல ஆண்டுகள் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் அரிப்பவை. அதனால்தான் அவற்றுக்கு வேறு வகைப் பயிற்சி தேவைப்பட்டது.

படிப்பின் படிகள்

எஸ்.பி.எம். முடித்தவர் மூன்றாண்டு தாதியர் டிப்ளோமாவில் சேரலாம். பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு நான்காண்டு. படிப்பை முடித்து, 1950-ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின் கீழ் லெம்பாகா ஜூருராவாட் எனப்படும் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிந்துகொண்ட பிறகே பணி செய்ய முடியும். பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

வார்டிலோ கிளினிக்கிலோ அனுபவம் பெற்ற தாதியர் அடுத்து ‘போஸ் பேசிக்’ எனப்படும் சிறப்புப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். துறைக்கேற்ப இது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நடைபெறும். நீரிழிவுப் பராமரிப்பு அவற்றுள் ஒன்று. அதை முடித்தவர்கள் நீரிழிவுக் கல்வியாளராகப் பணியாற்றுகிறார்கள். சேர்க்கைத் தகுதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் வாரியத்தின் புதிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பயிற்சியில் கற்பவை

முதற்பாடம், எண்களைப் படித்து விளக்குவது. விரல் நுனியில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை அந்த நேரத்து அளவை மட்டும் காட்டும். எச்பிஏ1சி என்னும் பரிசோதனை கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு வருபவரின் உண்மை நிலை இதில் தெரிந்துவிடும். 2020-இல் வெளிவந்த மலேசிய மருத்துவ வழிகாட்டி எல்லாருக்கும் ஒரே இலக்கை வைக்கவில்லை. அண்மையில் நோய் கண்ட இளையவருக்கு 6.5 விழுக்காடோ அதற்குக் குறைவோ இலக்காகும். வேறு நோய்களும் உள்ள முதியவருக்கு அது தளர்த்தப்படும்.

இரண்டாவது, இன்சுலின். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலின் கீழ்க் கொழுப்பு கட்டியாகிவிடும். அங்கே போடும் மருந்து ஒழுங்காக உடலில் சேராது. இடம் மாற்றிப் போடுவதைத் தாதி தொட்டுப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பார். பயன்படுத்தாத இன்சுலின் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் பயன்படாது. தகரக் கூரை வீட்டின் மதிய வெப்பத்திலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் அது கெட்டுவிடும்.

மூன்றாவது, சர்க்கரை அளவு திடீரென இறங்குவது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தோட்டத் தொழிலாளி கிளிக்லாசைட் போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வேலையில் இறங்கினால் மயங்கி விழும் ஆபத்து உண்டு. நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அறிகுறிகள். அளவு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பயிற்சி பெற்ற தாதி, “மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்பதோடு நிற்காமல், “எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்குச் சாப்பாடு?” என்றும் கேட்பார். தைப்பூச விரதம் இருப்பவரிடமும் இதே கேள்வி எழும்.

நான்காவது, பாதம். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். உணர்ச்சி போன காலில் முள்ளோ செம்பனைச் சீவலோ குத்தினாலும் தெரியாது. புண் பெருகிக் காலை எடுக்கும் நிலை வருவது பெரும்பாலும் இப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை பாதம், கண், சிறுநீரில் கசியும் புரதம் ஆகியவற்றைப் பார்ப்பதும் இரத்த அழுத்தம், கொழுப்பைக் கண்காணிப்பதும் இதே பயிற்சியைச் சேர்ந்தவை.

ஐந்தாவது, மற்ற நாளமில்லாச் சுரப்பி நோய்கள். தைராய்டு குறைவுக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் பலன் குறையும். மூட்டு வலிக்கென விற்கப்படும் சில பாரம்பரியப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், முகம் வீங்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு என்ன சாப்பிடுகிறார் என்று தாதி கேட்பதன் காரணம் இதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

அதிகாரத்தின் எல்லை

மலேசியாவில் நோயைத் தீர்மானிப்பதும் மருந்தை மாற்றி எழுதுவதும் மருத்துவரின் பொறுப்பு. தாதி அளந்து, கற்பித்து, மாற்றம் தேவையென்றால் மருத்துவரிடம் கொண்டுசெல்வார்.

மற்ற நாடுகளில் இந்த எல்லை விரிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் தாதியர் உருவாயினர். சிங்கப்பூரில் இதற்கான முதுகலைப் படிப்பு 2003-இல் தொடங்கியது. மருத்துவருடன் இணைந்து மருந்து எழுதும் பயிற்சி 2018-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தாதியரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கின்றனர்.

நோயாளி செய்யக்கூடியவை

கிளினிக்குக்குப் போகும்போது நீரிழிவுக் கல்வியாளரைப் பார்க்க வேண்டும் என்று பதிவு முகப்பிலேயே கேட்கலாம். அங்கு இல்லாவிட்டால் எங்கு அனுப்புவார்கள் என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், ஜாமு, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. வீட்டில் அளந்த எண்களை நேரத்தோடு எழுதி வைத்தால் தாதியின் வேலை எளிதாகும். காலணியைக் கழற்றி, “பாதத்தையும் பாருங்கள், மிஸ்ஸி” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மலாய் சரளமாக வராத முதியவர்களுடன் வீட்டு இளையவர் ஒருவர் சென்றால், சொன்னது முழுதும் வீடு வந்து சேரும். தமிழில் இதை விளக்கத் தெரிந்த தாதியர் கூடுவது சமூகத்துக்குத் தேவை. எஸ்.பி.எம். முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இத்துறையையும் பேசிப் பார்க்கலாம்.