ஆண்பனையும் பெண்பனையும் மூன்று ஒல்லாந்தத் தீவுகளும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 1795 வரை ஆண்ட அவர்கள், நெடுந்தீவை டெல்ஃப்ற் என்றும், ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவை லெய்டன் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் தம் வரைபடங்களிற் குறித்தனர். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளோடு நின்றுவிட, டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் இன்றளவும் ஆங்கில வழக்கில் நிலைத்திருக்கின்றது.

இம்மூன்று பெயர்களுக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு. பூக்குந் தாவரங்கள் எவ்வாறு இனம் பெருக்குகின்றன என்ற கேள்விக்கு ஐரோப்பியர் விடை தேடிய வரலாற்றில், டெல்ஃப்ற், லெய்டன், ஹார்லெம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இடமுண்டு. அதே காலத்தில், அந்த ஊர்களின் பெயர் பெற்ற நம் தீவுகளில், அக்கேள்வியின் முதற்பாதிக்கான விடை ஒரு மரத்தின் பெயரிலேயே இருந்தது. ஆண்பனை, பெண்பனை என்னும் பெயர்களைச் சொல்கிறேன். நான் தாவரவியல் கற்றவனல்லன். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆயினும், இது தாவரவியலுக்கு மட்டும் உரிய கதையன்று.

டெல்ஃப்ற் நகரிலிருந்து தொடங்குவோம். அங்கே துணி வணிகராக வாழ்ந்த அந்தோனி வான் லீவன்ஹுக் (1632–1723) தம் கையாலேயே தேய்த்த சிறு வில்லைகளைக் கொண்டு நுணுக்குக்காட்டிகள் செய்தவர். 1677 இல் அவர் விந்தணுவைக் கண்டார். உயிரின் தொடக்கத்தில் ஆண் கூறு கண்ணாற் காணத்தக்க ஒரு பொருள் என்பது அன்று வெளிப்பட்டது. விலங்குக்கு உள்ளது செடிக்கும் உண்டோ என்ற வினா அதையடுத்து வலுப்பெற்றது.

அதே ஆண்டில், இலங்கையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் தம் பணியை முடித்துக்கொண்டார். 1672 இலிருந்து இத்தீவின் செடிகொடிகளைச் சேர்த்து உலர்த்தி ஒட்டி வைத்த அவர், பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார். அவருடைய சேகரிப்பு அவர் மறைவுக்குப் பின் நெடுங்காலம் மறைந்து கிடந்து, கோபன்ஹேகன் நகர மருந்து வணிகர் ஒருவர் வழியாக லின்னேயஸின் கைக்கு வந்தது. அதை வைத்தே லின்னேயஸ் 1747 இல் 'ஃப்ளோரா செய்லானிக்கா' என்ற நூலை எழுதினார். இலங்கை மண்ணை ஒருநாளும் மிதிக்காத ஒருவர் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் அது.

அந்த லின்னேயஸ் 1735 இல் லெய்டனில் வெளியிட்ட 'சிஸ்டமா நாத்துரே' என்ற நூலில்தான் தாவரங்களைப் பூவின் ஆண், பெண் உறுப்புகளைக் கொண்டு வகுத்தார். கேசரங்கள் எத்தனை, அவை எவ்வாறு அமைந்துள்ளன என்பதே வகுப்புகளுக்கு அடிப்படை. ஆண்பூ ஒரு மரத்திலும் பெண்பூ வேறொரு மரத்திலும் இருப்பவற்றுக்கு 'இரு வீட்டார்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரொன்றை இட்டார். செடிகளைப் பற்றி இப்படிப் பேசுவது ஒழுக்கக்கேடு என்று அக்காலத்து அறிஞர் சிலர் சீறினர். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த சீகெஸ்பெக் அவர்களுள் ஒருவர். லின்னேயஸ் அவர் பெயரை இட்ட செடி இன்று உலகெங்கும் பரவிய ஒரு களை.

ஹார்லெமுக்கு அருகிலிருந்த ஹார்ட்டெகாம்ப் என்னும் செல்வர் தோட்டத்தில் லின்னேயஸ் பணியாற்றிய காலத்தில், 1736 இல், கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த வாழை பூத்துக் காய்த்தது. அதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார் அவர். நமக்கு இது நகைப்பைத் தரலாம். வேலணையில் எந்த வளவிலும் காணக்கூடிய காட்சிக்கு அங்கே ஒரு நூல்! ஆனால் வாழைக்குள் ஒரு புதிர் இருக்கின்றது. நாம் உண்ணும் வாழை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பது, விதை தராதது, பக்கக் கன்றால் மட்டுமே தொடர்வது. 'வாழையடி வாழை' என்று நம் முன்னோர் சொன்னபோது, கலப்பின்றித் தாயின் உருவாகவே தொடரும் பரம்பரையைச் சரியாகவே குறித்தனர்.

பனை அதற்கு நேர்மாறானது. அதற்குப் பக்கக் கன்று இல்லை. கொப்பு நட்டால் முளைக்காது. விதை ஒன்றே வழி. ஆண் மரத்தின் மகரந்தம் காற்றின் துணையாலும் பூச்சிகளின் துணையாலும் பெண் மரத்துப் பாளையைச் சேர்ந்தால்தான் முளைக்கத்தக்க விதை உண்டு.

இதைத் தமிழர் எவ்வளவு அறிந்திருந்தனர்? சங்கத் தமிழில் பனைக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று 'பெண்ணை'. வெளிப்புறம் வயிரமுள்ளவற்றைப் புல் என்றும் உட்புறம் வயிரமுள்ளவற்றை மரம் என்றும் பிரித்த தொல்காப்பிய மரபியலின்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு ஒருவித்திலைப் பிரிவிலேயே வைக்கின்றது. ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தர் வரலாறு இன்னும் தெளிவானது. செய்யாற்றங்கரையிலுள்ள திருவோத்தூரில் அடியார் ஒருவர் வைத்த பனைகள் யாவும் ஆண்பனைகளாகிவிட, சமணர் அவரை எள்ளினர் என்றும், சம்பந்தர் பாடியதும் அவை குலை ஈன்றன என்றும் பெரியபுராணம் கூறும். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த அற்புதம் அற்புதமாக விளங்க வேண்டுமானால், ஆண்பனை காய்க்காது என்பது கேட்போர் எல்லோருக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். வரலாற்று மாணவனுக்கு அதுவே சான்று.

அச்சிலும் அந்தப் பெயர் விரைவில் ஏறியது. மலபாரின் ஒல்லாந்த ஆளுநர் ஹென்ட்றிக் வான் றீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பன்னிரு பெருந்தொகுதிகளின் முதலாவது 1678 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் பெண்பனை 'கரிம்பனை' என்றும், ஆண்பனை 'ஆம்பனை' என்றும் தனித்தனிப் படங்களோடு இடம்பெற்றன. அந்நூலுக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்ன முதன்மை வைத்தியர் இட்டி அச்சுதன் ஈழவ சமூகத்தவர். பனையோடும் தென்னையோடும் வாழ்ந்த சமூகம் அது. தாவரங்களிலும் ஆண், பெண் உண்டென்பதைச் சோதனை மூலம் நிறுவிய காமெராரியஸின் கடிதம் ஜேர்மனியில் வெளிவந்தது 1694 இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆண்பனை என்ற சொல் ஆம்ஸ்டர்டாம் அச்சகத்தைக் கடந்துவிட்டது.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். 'எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே' என்று முழங்குவோர் நம்மிடையே பலர். மரத்தின் பாலை அறிவது வேறு. அந்தப் பால் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறிவது வேறு. காமெராரியஸ் ஆமணக்கின் ஆண்பூக்களைக் கிள்ளியெறிந்து, எஞ்சிய பெண்பூக்களில் முளைக்கத்தக்க விதை உண்டாகாததைக் காட்டினார். நம்மவர் ஆமணக்கை எண்ணெய்க்காகக் காலங்காலமாகப் பயிரிட்டும் அச்சோதனையைச் செய்து எழுதிவைக்கவில்லை. மெசப்பொத்தேமியாவில் பண்டைக் காலத்திலேயே ஆண் பேரீச்சையின் பாளையைக் கொய்து பெண் மரத்தில் தூவினார்கள். பனைக்கு அந்த வேலையைக் காற்றும் பூச்சியும் கூலியின்றிச் செய்ததால், நமக்கு அதன் காரணத்தைத் தேடும் தேவை எழவில்லை. தேவை எழாத இடத்தில் கேள்வியும் எழுவதில்லை. பெயரிட்ட பெருமை நமக்குரியது. சோதித்த பெருமை அவர்களுக்குரியது. இரண்டையும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

காமெராரியஸோடு தேடல் முடியவுமில்லை. பூச்சிகள் மகரந்தத்தைக் கடத்துவதைக் கோல்றாய்ட்டர் 1761 இலும் ஸ்பிறெங்கெல் 1793 இலும் விளக்கினர். 1898 இல் ருசிய அறிஞர் நவாஷின் ஒரு வியப்பை வெளியிட்டார். மகரந்தம் கொண்டுவரும் ஆணணுக்கள் இரண்டு. ஒன்று முட்டையோடு கூடி முளையமாகிறது. மற்றது வேறொரு கலத்தோடு கூடி அந்த முளையத்துக்கு ஊட்டும் உணவாகிறது. பூக்குந் தாவரங்களின் சிறப்பியல்பான இதனை இரட்டைக் கருக்கட்டல் என்பர்.

அந்த இரண்டாவது கூடலின் விளைவை நாமெல்லோரும் உண்டிருக்கிறோம். இளம் பனங்காயைச் சீவிப் பெருவிரலால் நோண்டி உறிஞ்சும் நுங்குதான் அது! நுங்கு முற்றினால் கல்லாக இறுகும். பழம் விழுந்து கொட்டை முளைக்கும்போது, உள்ளிருக்கும் வித்திலையின் ஒரு பகுதி பஞ்சுபோற் பருத்து அந்த உணவை உறிஞ்சும். அதுவே பூரான். முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் இறங்கி, அங்கே மாப்பொருளைச் சேர்த்து வைக்கும். அதுவே கிழங்கு. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களைப் பொறுக்கிக் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி, மாரி கழியக் கிழங்கு கிண்டி, பிளந்து உலர்த்தி ஒடியலாக்கியும் அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்கியும் வைத்தது தீவகத்து வாழ்க்கை. பழத்தின் களி பனாட்டாயிற்று. பாளையைச் சீவினால் கள். சுண்ணாம்பிட்டு இறக்கினால் கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்புக் கற்பாறையும் உவர்நீருமான நெடுந்தீவில் இவை வெறும் பலகாரங்களல்ல, பஞ்சகாலத்து உயிர்காப்பு.

சற்று எண்ணிப் பார்த்தால், பனையிலிருந்து நாம் உண்பதெல்லாம் அதன் இனப்பெருக்கத்தின் ஒவ்வொரு படியே. கள் இறக்கினால் அப்பாளையில் காய் இல்லை. நுங்கு குடித்தால் விதை இல்லை. கிழங்கு கிண்டினால் வடலி இல்லை. இவ்வளவையும் எடுத்த பின்னரும் பனந்தோப்புகள் அழியாமல் நின்றதற்குக் காரணம், எடுத்தவர்கள் மிச்சம் விட்டதும் கொட்டைகளை வேலியோரமாக ஊன்றியதுமே.

தீவுகளில் வெளியிலிருந்து வந்த தாவரமும் உண்டு. நயினாதீவுக் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரையும் யானை, குதிரை ஏற்றி வரும் மரக்கலங்களையும் பேசுகிறது. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறையே. நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கும் ஆபிரிக்கப் பெருக்குமரம் அராபிய வணிகரோடு வந்ததென்பது வழக்கு. அதன் வெண்ணிறப் பூ மாலையில் விரிந்து மறுநாளே உதிர்வது. இரவில் வரும் பழந்தின்னி வௌவால்களை நம்பிப் பூப்பது. ஒவ்வொரு மரமும் தன் பரம்பரைக்கு இன்னோர் உயிரையோ காற்றையோ நம்பி நிற்கிறது.

பனை நம்பி நிற்பதில் மனிதனும் அடக்கம். போர் நடந்த ஆண்டுகளில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலையிழந்தவை பல. பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று. வட்டுப் போனால் மரம் போயிற்று. 1990களில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வேரூன்றிவிட்டனர். ஆளற்ற வளவுகளில் விழுந்த கொட்டைகள் தாமே முளைத்து, வீடு இருந்த இடத்தில் வடலிக்கூட்டம் நிற்பதைத் தீவுகளுக்குப் போன ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். அதைக் கண்டு மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை விதை ஊன்றுவதை ஊக்குவித்து வருகிறது. ஊர்ச் சங்கங்களும் இளைஞரும் நடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பனை முதற்பாளை விட பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். அதுவரை வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கண்ணாற் சொல்ல முடியாது. திருவோத்தூர் அடியாருக்கு நேர்ந்ததும் அதுவே. காய்க்காத மரம் என்று ஆண்பனையைத் தறிக்கக் கை எழுவது இயல்பு. ஆனால் ஆண்பனையற்ற தோப்பில் பெண்பனைக்கும் வித்தில்லை. நிலம் திருத்தும்போதும் வீடு கட்டும்போதும் இதை நினைவில் வைத்தால் போதும்.

'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது பழமொழி. லெய்டனிலும் ஹார்லெமிலும் எழுதப்பட்ட ஏடுகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எவரும் எப்போதும் படித்துக்கொள்ளலாம். பனைக்கு அத்தகைய நூலகம் இல்லை. அதன் ஏடு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக மண்ணில் எழுதப்பட வேண்டியது. வரும் ஆவணியில் ஊருக்குப் போகிறவர்கள், பனங்காய்ப் பணியாரம் உண்ட பின் கொட்டைகளை எறிந்துவிடாமல் வேலியோரம் ஊன்றிவிட்டு வாருங்கள். ஒன்றிரண்டு போதாது, பத்தாவது வேண்டும். அவற்றுள் எது ஆண், எது பெண் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிவார்கள்.