தக்காளித் தோட்டத்து எம்.பி.

1997 செப்டம்பர் 18 இரவு. வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் 22 மாவட்டங்களில் 21-இன் முடிவு வந்துவிட்டது. ‘வேண்டாம்’ முன்னணியில். மிச்சம் கார்மார்தன் ஒன்றுதான். போன வாரம் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசி முடிவை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேன். ஆனால் கார்மார்தன் என்றதும் எனக்கு ஒரு மனிதர் ஞாபகம் வந்துவிடுகிறார். அவரைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

க்வின்ஃபோர் எவன்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்துவிட்டு, லாங்கடாக் என்ற சிற்றூரில் தக்காளி பயிரிட்டவர். பாரி துறைமுக நகரில் கடைக்காரர் மகன். வீட்டில் புழங்கியது ஆங்கிலம். வேல்ஷ் மொழியைப் பிறகுதான் கற்றுக்கொண்டார். உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்த அகிம்சைக்காரர். 1945-இல் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரிக்குத் தலைவராகி 36 வருடம் அந்தப் பாரத்தைச் சுமந்தார். அப்போது நாடாளுமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லாத கட்சி அது. அவரையும் கட்சியையும் வேல்ஸ் முழுக்கத் தெரியவைத்தது ஒரு தண்ணீர்த் தகராறு.

பாலா நகருக்குப் பக்கத்தில் ட்ரிவெரின் பள்ளத்தாக்கு. அதில் கபெல் கெலின் என்ற குக்கிராமம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் ஆபீஸ், ஒரு சேப்பல், அதையொட்டி இடுகாடு, சுற்றிலும் பண்ணைகள். பள்ளத்தாக்கில் மொத்தம் 67 பேர், பேச்சு முழுக்க வேல்ஷ். இதை அணை கட்டி ஏரியாக்கப்போகிறோம் என்று 1955 டிசம்பரில் லிவர்பூல் மாநகராட்சி முடிவெடுத்தது. ஊர்க்காரர்களுக்குப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது. லிவர்பூலுக்கு இதெல்லாம் பழகிய கை. விர்ன்வி அணைக்காக 1880-களிலேயே இன்னொரு வேல்ஸ் கிராமத்தை முழுகடித்த நகரம் அது.

1956 நவம்பரில் எவன்ஸ் லிவர்பூல் மாநகராட்சிக் கூட்டத்துக்கே போய் எழுந்து பேச ஆரம்பித்தார். உறுப்பினர்கள் மேஜைப் பலகைகளைப் படபடவென்று தட்டிக் குரலை அமுக்கினார்கள். போலீஸ் வந்து வெளியே கூட்டிப்போனது. இரண்டு வாரத்தில் கபெல் கெலின் ஊரே, குழந்தை குட்டிகளோடு, பஸ் ஏறி லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனது. எங்கள் வீடுகளை முழுகடிக்காதீர்கள் என்று அட்டைகளில் எழுதிக் கையில் பிடித்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வழக்கமான பாதையில் போனால் வேல்ஸின் உள்ளூர்க் கவுன்சில்களிடம் லிவர்பூல் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவந்தார்கள். 1957 ஜூலையில் இரண்டாம் வாசிப்பு: ஆதரவு 166, எதிர்ப்பு 117. வேல்ஸிலிருந்து போன 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. என்ன பிரயோசனம்? வேல்ஸ் விவகாரங்களுக்கென்று ஒரு அமைச்சர் இருந்தார்: ஹென்றி புரூக். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் தொகுதிக்காரர். அவரும் லிவர்பூல் பக்கம் நின்றார். லிவர்பூலைக்கூட மன்னிக்கலாம். குடிசைகளை இடித்து வீடு கட்டிக்கொண்டிருந்த நகரம், ஆலைகளுக்கும் தண்ணீர் வேண்டும், கேட்கத்தான் செய்யும். ஒரு நாட்டின் பிரதிநிதிகளில் ஒருவர் ஆதரவுகூட இல்லாமல் அதன் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த ஏற்பாட்டை என்னவென்று மன்னிப்பது? மாநிலங்களுக்கு ஏன் அதிகாரம் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது எந்த அரசியல் தத்துவத்தையும் அல்ல, இந்த 36-ஐத்தான்.

1963-இல் பள்ளியை மூடினார்கள். செப்டம்பரில் சேப்பலில் கடைசி ஆராதனை. சில குடும்பங்கள் உறவினர் உடல்களைத் தோண்டி வேறிடத்தில் அடக்கம் செய்தன. மற்றவர்கள் அங்கேயே கிடக்க, மேலே கான்கிரீட் கொட்டப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் எமிர் லெவெலின் என்ற கல்லூரி மாணவரும் இரண்டு நண்பர்களும் அணை வேலைக்கு மின்சாரம் தந்த டிரான்ஸ்பார்மருக்கு வெடி வைத்தார்கள். எமிருக்கு 12 மாதம் சிறை. வெடி வைத்தவர்களைப் பாடுகிறவர்கள் வேல்ஸில் உண்டு. என் ஓட்டு தக்காளிக்காரருக்குத்தான். அவர் ரொம்ப சாது, அணைக் கட்டுமானத்தில் போய் மறியல் செய்திருக்க வேண்டும் என்று கட்சி இளைஞர்கள் திட்டியதும் உண்மை.

1965 அக்டோபர் 21 அணை திறப்பு விழா. பந்தல், மைக், மேயர், எல்லாம் தயார். போராட்டக்காரர்கள் மைக் வயரை அறுத்தார்கள், கல் பறந்தது. விழா மூன்றே நிமிடத்தில் முடிந்தது.

ஒன்பது மாதத்தில் கார்மார்தனில் இடைத்தேர்தல். முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜின் மகள் மேகன் இறந்ததால் காலியான தொகுதி. மார்ச் பொதுத் தேர்தலில் அங்கே மூன்றாவதாக வந்த எவன்ஸ், ஜூலை 14 அன்று 2,436 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி. சபையில் போய்க் கேள்வி மேல் கேள்வி: பள்ளி, மருத்துவமனை, சாலை, வேலை, எல்லாவற்றிலும் வேல்ஸுக்கு என்ன கணக்கு? பதில்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். 1970-இல் தோற்றார், 1974 பிப்ரவரியில் மூன்றே மூன்று ஓட்டில் தோற்றார், அக்டோபரில் ஜெயித்தார். 1979 மார்ச்சில் சட்டமன்றத்துக்கான முதல் வாக்கெடுப்பு. ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேல்ஸே வேண்டாம் என்றது. தொழிற்கட்சியின் நீல் கின்னக் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசியதை நான் மறக்கத் தயாரில்லை. மே மாதம் எவன்ஸுக்குத் தொகுதியும் போயிற்று.

இதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வேல்ஷ் மொழிக்குத் தனி டி.வி. சேனல் தருவதாகத் தேர்தலில் சொன்ன தாட்சர் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் கைவிரித்தது. 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார் எவன்ஸ். செப்டம்பர் 17 அன்று அரசு இறங்கிவந்தது. அப்போது அவருக்கு வயது 68. அடுத்த ஆண்டு சிறையில் 10 ஐரிஷ்காரர்கள் பட்டினி கிடந்து செத்தபோது அசையாத அதே தாட்சர் அரசு! எஸ்4சி சேனல் 1982 நவம்பரில் வந்துவிட்டது.

இடம் தீர்ந்துவிட்டது. கார்மார்தன் முடிவு: நூற்றுக்கு 65 பேர் ‘வேண்டும்’. அந்த ஒரு மாவட்டம் கணக்கையே புரட்டியது. வேல்ஸ் மொத்தத்தில் 6,721 வாக்கு வித்தியாசத்தில் சட்டமன்றம் வந்தது. வந்த சட்டமன்றத்துக்குச் சொந்தமாகச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது என்பதையும், இங்கிலாந்துக்குப் போகும் தண்ணீர் பாதிக்கப்பட்டால் தலையிடும் உரிமையை லண்டன் 2006 சட்டத்திலும் கையில் வைத்துக்கொண்டதையும், 2017-இல்தான் அந்த உரிமையை நீக்க வழி செய்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)