எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

நூறு வருஷத்துக்கும் முன்னால் சென்னை மாகாணத்தில் பையன் மெட்ரிகுலேஷன் தேறினானா என்றுதான் கேட்பார்கள். அது கல்லூரிக்கு ஆள் எடுக்கப் பல்கலைக்கழகம் வைத்த தேர்வு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த கணிதமேதை ராமானுஜன் 1903 டிசம்பரில் அதில் தேறினார். அடுத்த படியான எஃப்.ஏ.யில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறினார். அத்தோடு கல்லூரிப் படிப்பு நின்றது. ஒரு பாடத்தில் எவ்வளவு மேதையாக இருந்தாலும் மற்றவற்றில் தவறினால் கதவு சாத்திவிடும்.

1911-ல் வந்த எஸ்.எஸ்.எல்.சி. என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ் எனக்குப் பிடித்த ஏற்பாடு. பொதுத் தேர்வு மதிப்பெண்ணோடு, பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணும் ஒரே புத்தகத்தில் ஏறியது. நான் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, வயதுச் சான்றுக்காகப் பெரியவர்கள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கெட்டி அட்டை, எண்ணிலும் எழுத்திலும் பிறந்த தேதி, ‘இடது முழங்கையில் மச்சம்’ என்று அங்க அடையாளம், உள்ளே பாடவாரியாக மதிப்பெண், தலைமையாசிரியர் கையெழுத்து. ஒரு மாணவன் எப்படிப் படித்தான் என்று அதைப் புரட்டினாலே தெரியும்.

பள்ளி முடிப்பவர்களை மதிப்பிடுவதை மற்ற நாடுகளில் வேறு வேறு விதமாகச் செய்தார்கள். பிரான்சில் நெப்போலியன் 1808-ல் பக்கலோரியா தேர்வை நிறுவினான். மறுவருஷம் தேறியவர்கள் 31 பேர். ஒரு பெண் அதில் தேற 1861 வரை ஆயிற்று: லியோன் நகரில் ஜூலி-விக்துவார் தோபியே, 37 வயதில். அங்கே அது இன்றும் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டமாகவே கணக்கு. இங்கிலாந்தில் 1918-ல் வந்த ஸ்கூல் சர்டிபிகேட்டுக்குப் பாடங்களைத் தொகுதியாகத் தேறவேண்டும், 1951-ல் ஜி.சி.இ. வந்தபிறகுதான் தேறிய பாடத்துக்கு மட்டும் சான்றிதழ் கிடைத்தது. இலங்கைப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரம் அந்த வழியில் வந்ததுதான்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு நெருங்கிய உறவு ஜெர்மனியின் பள்ளியிறுதிச் சான்றான அபிடூர். 1788-ல் பிரஷ்யாவில் தொடங்கியது. இப்போது மொத்தம் 900 புள்ளி. அதில் 600 கடைசி இரண்டு வருஷப் பள்ளிப் படிப்புக்கு, இறுதித் தேர்வுக்கு 300தான். வகுப்பில் தினமும் பார்த்த ஆசிரியரின் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

நம் ஊரில் 1978-ல் கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி. போய்ப் பள்ளியிலேயே பிளஸ் டூ வந்தது. புத்தகம் போய் ஒற்றைத்தாள் மதிப்பெண் பட்டியல் ஆயிற்று. இன்று பிளஸ் டூவில் பள்ளி போடும் உள்மதிப்பீட்டுக்கு நூற்றுக்குப் பத்து. போதாது. முப்பதாவது கொடுக்கவேண்டும், ஆசிரியரை நம்பித்தானே பிள்ளையை அனுப்புகிறோம்.